இரண்டு லிட்டர் கோடு

ஒரு மனுஷியிடம் போய், நாளைக் காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை நீ போகிற சிறுநீரையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் இந்த வெள்ளைக் கேனில் பிடித்துக் கொடு என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று ஜெஸிந்தாவுக்குத் தெரியும். அவள் முப்பத்தெட்டுப் பேரிடம் சொன்னவள். சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். “எதுக்குங்க சிஸ்டர், விக்கிறதுக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி கேனை வாங்கிப்போய் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டாள். பேச்சியம்மா என்று ஒருத்தி, அதிகம் பேசாதவள், கேனைக் கழுவித் துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். “புதுச் சாமானுங்க, அதுல போயி எப்படீங்க?” என்றாள்.

இது நடந்தது 2016இல். ஜெஸிந்தா வெலிங்டன்காரி. குன்னூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து நடந்த ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். கீழ் கோத்தகிரிப் பக்கம் பெல்மூர் தேயிலை எஸ்டேட்டில், நல்லசாமி மேஸ்திரியின் கீழ் கொழுந்து பறிக்கிற முப்பத்தெட்டுப் பெண்கள் அவள் பொறுப்பு. எல்லோரும் எஸ்டேட் கொடுத்த மூன்றாம் நம்பர் லைன் வீடுகளில் இருந்தார்கள்.

ஆராய்ச்சி உப்பைப் பற்றியது. பச்சைக் கோடு போட்ட பாக்கெட் பாதி வீடுகளுக்கு, மஞ்சள் கோடு போட்டது மீதி வீடுகளுக்கு. ஒன்று நாம் எல்லோரும் சாப்பிடுகிற சாதா உப்பு. இன்னொன்றில் சோடியத்தைக் குறைத்துக்கொண்டு பொட்டாசியம் கலந்திருந்தார்கள். எது எது என்று ஜெஸிந்தாவுக்கும் தெரியாது, அவளுக்கு மேலே இருந்த டாக்டர் ராபியாவுக்கும் தெரியாது. முடிவைத் தெரிந்தவர்கள் வளைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு முறை. ஆறு மாதம் அதையே சமையலில் போட வேண்டும், யாருக்கு ரத்த அழுத்தம் குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்று வாயால் கேட்டால் சரியான பதில் வராது. சிறுநீர் சொல்லிவிடும். அதற்குத்தான் கேன்.

கேனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்குப் பொட்டாசியம் விஷம். நல்ல உடம்பு வேண்டாததை வெளியே தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகம் தள்ளாது, ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் ஒருநாள் இதயத்தை நிறுத்திவிடும். ‘கிட்னியில் கோளாறு உண்டா’ என்று முதலிலேயே கேட்டு, உண்டு என்றவர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். தனக்கு இருப்பதே தெரியாதவளை என்ன செய்வது? சிறுநீர் குறைந்துபோவதை வைத்து அவளைக் கேன்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் டாக்டர் ராபியா பயிற்சியின்போது, “ஒரு கேன் பொய் சொன்னா ஒரு உயிர் போகும் ஜெஸிந்தா, ஞாபகம் இருக்கட்டும்” என்று மூன்று தடவை சொன்னார். முதலிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஜெஸிந்தாவும் கேட்டாள். ஆறாம் மாதம்தான் ரத்தம் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்களாம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியவர்களை மலைக்கு ஏறிவந்து ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி மாதம் ஒரு காலையில், ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேரையும் நிறுத்திவைத்துக் கையில் கேனைத் தூக்கிக் காட்டினாள். படிவத்தில் ஐநூறு மில்லிக்குக் கீழே இருக்கிற கேனைச் செல்லாததாகக் குறிக்க வேண்டும் என்றிருந்தது. பாதி நாள் பிடித்துவிட்டு மீதியை மறந்துபோகிறவர்களுக்காக அந்த விதி. இரண்டாம் தடவையும் குறைந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில் இருந்தது. இன்னொரு வாய்ப்பு உண்டு என்று தெரிந்தால் யாரும் ஒழுங்காகப் பிடிக்க மாட்டார்கள் என்று ஜெஸிந்தா அதை விட்டுவிட்டாள்.

“ஐநூறுக்குக் கீழே இருந்தா செல்லாது. புரியுதா? குறைஞ்சா செல்லாது” என்றாள், கேனை விரலால் தட்டி.

பக்கத்தில் நோட்டும் கையுமாக நின்ற நல்லசாமி மேஸ்திரி தன் பங்குக்கு, “கேட்டுக்கிட்டீங்களா? குறைஞ்சா செல்லாதாம்” என்று குரலை உயர்த்தினான். முப்பத்தெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அவ்வளவு அக்கறையாக அவர்கள் தலையாட்டி அதற்கு முன்னால் அவள் பார்த்ததில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பிடித்து, திங்கட்கிழமை கொண்டுவந்தார்கள். ஒரு கேன் குறையவில்லை. எல்லாம் நிரம்பி வழிகிற மாதிரி இருந்தன. ஜெஸிந்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. டாக்டர் ராபியா போனில், “பெல்மூர் மாதிரி ஒரு சென்டர் கிடையாது” என்றார். உப்புப் பாக்கெட்டுகள் வீடு வீடாகப் போயின. ஏப்ரலில் மறுபடியும் ஒரு ஞாயிறு, மறுபடியும் முப்பத்தெட்டு நிறை கேன்கள். மே மாதம் முதல் வாரத்தில் போன் வந்தது.

“ஜெஸிந்தா, உங்க எஸ்டேட்ல எல்லாரும் ஒரே அளவுதான் போவாங்களா?”

“புரியலை டாக்டர்.”

“எனக்கும்தான் புரியலை. முப்பத்தெட்டுக் கேன்ல முப்பத்தாறு, ரெண்டு லிட்டர் கோட்டுக்கு வந்து நிக்குது. ஜனவரியிலயும் அப்படித்தான், நாங்க யாரும் கவனிக்கலை. இன்னொண்ணு. கிரியாட்டினின்னு ஒண்ணு பார்ப்போமே, தசை தேயறதுல வர்றது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு கணக்கு இருக்கு. நாற்பது கிலோ இருக்கற அம்மா கேன்ல ஒரு பயில்வானுக்கு இருக்கற அளவு இருக்கு. அது ஒரு ஆளோட சிறுநீரே இல்லை. என்ன நடக்குது அங்கே?”

ஜெஸிந்தாவுக்குக் காது சுட்டது. என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தானே சொல்ல. மத்தியான எடைக்கு ஆட்கள் வருகிற நேரம். குடையைக்கூட எடுக்காமல் தூறலில் நடந்து, எடை போடுகிற கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்தக் கூட்டத்துக்கு வாய் என்றால் மூக்கம்மாதான். ஐம்பது வயது, நல்ல உயரம், சாக்கை இறக்குவதற்கு முன்னாலேயே பேச்சை இறக்கிவிடுவாள்.

“ஏனுங்க சிஸ்டர், மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்குது?”

“கேன்ல யாராவது தண்ணி கலந்தீங்களா?”

மூக்கம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “தண்ணியா? அந்தப் பித்தலாட்டமெல்லாம் எங்ககிட்டக் கெடையாதுங்க. சுத்தமான மூத்திரம்.”

“யாரோட மூத்திரம்?”

“எல்லார்த்துதுந்தான்.”

ஜெஸிந்தா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மூக்கம்மா பொறுமையாக விளக்கினாள், விவரம் போதாதவளுக்கு விளக்குகிற தோரணையில். குறைந்தால் செல்லாது என்று சிஸ்டர்தானே சொன்னது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கேனைக் கொண்டுவந்து ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தார்களாம். சிலருக்கு நிறைய இருந்தது, சிலருக்குக் குறைந்திருந்தது. இருந்தவர்கள் இல்லாதவர்களுக்கு ஊற்றினார்கள். அப்படியும் எட்டாததற்கு வீட்டு ஆட்களைக் கேட்டார்கள். “எங்க ஊட்டுக்காரரு அரை லிட்டரு குடுத்தாருங்க. மூஞ்சியச் சுளிக்காம குடுத்தாரு.”

“நான் ஐநூறுன்னுதானே சொன்னேன்? ரெண்டு லிட்டர்னா சொன்னேன்?”

“கேன்ல மேலால ஒரு கோடு இருக்குதுங்களே. அப்ப அது எதுக்குப் போட்டு வெச்சிருக்குது?”

எரிச்சலில் தலையைத் திருப்பியபோதுதான் ஜெஸிந்தா அதைப் பார்த்தாள். கொட்டகைக்கு ஏறிவருகிற பாதையில், முன்னால் போகிற ஒருத்தி நடையை நிறுத்தாமலே தன் சாக்கிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளிப் பின்னால் வருகிறவளின் சாக்கில் போட்டாள். அடுத்து வந்தவளும் போட்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. சாக்கு தராசில் ஏறும்போது எடை சரியாக இருந்தது. நல்லசாமி நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று எஸ்டேட் நிர்ணயித்திருந்தது. குறைந்தால் மெமோ. காய்ச்சலில் வந்தவளுக்கும் முட்டி வலிக்காரிக்கும் அந்த எடை வராது. வருகிறவர்கள் போட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. யாருக்குக் குறைந்தது என்று மட்டும் எந்தக் காலத்திலும் மேஸ்திரி காதுக்குப் போகாது. ஜெஸிந்தா நாலு மாதமாக இந்த எஸ்டேட்டில் நடமாடுகிறாள், நாலு மாதமாக இது அவள் கண் முன்னால் நடந்திருக்கிறது. அவள் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களைக் கொட்டகைக்குப் பின்னால், மேஸ்திரி காதுக்கு எட்டாத இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

“சரி, ஊத்துனது ஊத்துனதுதான். யாருக்கு ஊத்துனீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

முப்பத்தெட்டு வாயும் மூடிக்கொண்டன. ஒருத்தி கூரையைப் பார்த்தாள், ஒருத்தி காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கினாள்.

ஜெஸிந்தா விளக்கினாள். முதல் நாள் படிவம் வாசித்துக் கையெழுத்து வாங்கும்போது சொன்னதைத்தான் மறுபடியும் சொன்னாள், அன்றைக்கு யார் காதில் வாங்கினார்கள். சிலருக்கு இந்த உப்பு ஆகாது, சிறுநீர் குறைவாகப் போகிறவளுக்கு உயிருக்கே ஆபத்து, மூன்று மாதமாக அவள் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு நாளும் மோசம். கெஞ்சினாள். மூக்கம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப உப்பை நிறுத்திப்போடலாமுங்க. பேரு எதுக்கு?” என்றாள்.

“நிறுத்தினா மட்டும் போதாது. கிட்னி கெட்டிருந்தா வைத்தியம் பார்க்கணும், இப்பவே பார்க்கணும்.”

“வைத்தியம்னா மேஸ்திரிக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஆபீஸுக்குத் தெரியும். அன்ஃபிட்டுன்னு எழுதிப் பேரை வெட்டுவாங்க. பேரை வெட்டுனா ஊட்டைக் காலி பண்ணோணும்.” மூக்கம்மா குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டாம் நம்பர் லைன்ல பாலாமணின்னு ஒருத்தி இருந்தாளுங்க. நெஞ்சு வலின்னு டாக்டரு எழுதிக் குடுத்தாரு. முப்பது வருஷம் இருந்த ஊடு. மூணு மாசத்துல சாமான எல்லாம் ரோட்டுல வெச்சாச்சு. உங்களுக்குத் தெரியாதுங்க சிஸ்டர்.”

“உயிரை விட வீடு பெருசா?” என்று ஜெஸிந்தா கத்தினாள். வெலிங்டனில் சொந்த வீடு இருக்கிறவள் கேட்கிற கேள்வி அது என்று கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சாக்கை உதறி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே டாக்டர் ராபியாவிடம் பேசி, ரத்தம் எடுத்துப் பார்க்க அனுமதி வாங்கினாள். சம்மதித்தவர்களிடம் மட்டும், எழுத்தில் வாங்கிக்கொண்டுதான். மறுநாள் ஊசியும் குழாயுமாக லைனுக்குப் போனாள். அவர்கள் ஏற்கெனவே கூடிப் பேசி வைத்திருந்தார்கள்.

“எடுத்துக்குங்க. எல்லார்த்துக்கும் எடுங்க” என்றாள் மூக்கம்மா. “பேரு மட்டும் போடாதீங்க.”

“பேரு போடாம எடுத்தா யாருக்குன்னு எப்படித் தெரியும்?”

“அதுக்குத்தானுங்க சொல்றோம்.”

ஜெஸிந்தா அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் தூக்கி ஓடையில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்றிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இதில் ஒருத்தி. கன்னம் உப்பியிருப்பது பாதிப் பேருக்கு. இந்தக் குளிரில், இந்த வேலையில், கால் வீங்காதவள் யார்? எல்லோரும் ஸ்வெட்டரும் தலைத்துண்டும் முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களுக்கு உதவ வந்தவள் நான், இவர்கள் என்னையே மேஸ்திரி ஆக்கிவிட்டார்களே என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அழவில்லை. ஆத்திரத்தில் ஊசி டப்பாவை மூடினாள்.

டாக்டர் ராபியாவைப் போனில் கூப்பிட்டாள். உப்பை உடனே நிறுத்தச் சொன்னார். வீடு வீடாகப் போய்ப் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்க வேண்டும், சாதா உப்பு கொடுக்க வேண்டும். கமிட்டிக்கு அவர் எழுதிவிடுவார். பெல்மூர் சென்டர் மூடப்படும். கடைசியில் கொஞ்சம் தயங்கி, “உங்க ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியற மாதிரி ஆகும். எனக்கு வருத்தம்தான்” என்றார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானத்துக்கு மேல் ஜெஸிந்தா ஒரு பெரிய பையோடு கதவு கதவாகத் தட்டினாள். பாதிப் பேர் கோத்தகிரிச் சந்தைக்குப் போயிருந்தார்கள், அவர்கள் வீட்டுப் பாக்கெட்டுகளை மூக்கம்மாவே உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். கூடவே நடந்தவள் கடைசி வீட்டு வாசலில் கேட்டாள்.

“இது நின்னு போச்சுன்னா உங்க வேலை என்னாகுமுங்க?”

“முடிஞ்சுது. மாசக் கடைசியோட போக வேண்டியதுதான்.”

“நாங்க ஊத்துனதாலயா?”

இல்லை என்று சொல்வதுதான் நாகரிகம். ஜெஸிந்தாவுக்கு அன்றைக்கு நாகரிகம் மிச்சமில்லை. “ஆமா. நீங்க ஊத்துனதாலதான். ஒரு கேன், ஒரே ஒரு கேன் ஒழுங்கா வந்திருந்தாக்கூட நான் ஏதாவது செஞ்சிருப்பேன்” என்றாள். சொன்னதில் ஒரு திருப்தியும் இருந்தது. மூக்கம்மாவின் முகம் விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, எஸ்டேட் டிஸ்பென்சரியைத் திறந்து மீதிக் கேன்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே காலடிச் சத்தம். மூக்கம்மாவும் இன்னும் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பேச்சியம்மா. கையில் வெள்ளைக் கேன், அதைத் துண்டால் போர்த்தியிருந்தாள்.

பேச்சியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது, புருஷன் இல்லை. மகள் கூடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். எஸ்டேட்டில் இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி.

“இது என்னுதுங்க சிஸ்டர்” என்று கேனை மேசைமேல் வைத்தாள். “நேத்துக் காத்தால ஆறு மணியிலருந்து. ஒரு சொட்டு விடலீங்க. யாரும் ஊத்தலை.”

ஜெஸிந்தா துண்டை விலக்கினாள். கேனின் அடிப்பாகம் மட்டும் நனைந்திருந்தது. நல்ல கறுப்பு டிக்காஷன் நிறத்தில், ஒரு டம்ளருக்கும் குறைவு. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த முதல் கோட்டைக்கூட அது தொடவில்லை.

“உங்க பேரை வெட்டறாங்கன்னு மூக்கம்மா சொல்லுச்சுங்க” என்றாள் பேச்சியம்மா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கியது. “என்னால ஒருத்தரு பொழப்பு போகக்கூடாது. ஒரு கேனு ஒழுங்கா வந்தாப் போதும்னீங்களாமே. இதை எழுதிக்குங்க. உங்கள வெச்சுக்குவாங்கல்ல?”

ஜெஸிந்தா குனிந்து அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“தை மாசத்துக்கு முன்னாலயே இருக்குமுங்க. இப்பக் கொஞ்சம் அதிகம். சோறு எறங்கறதில்லை.”

“ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

பேச்சியம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீங்கதானுங்க செல்லாதுன்னீங்க.”

ஐந்து நாளாக ஜெஸிந்தா இவர்களை மனதுக்குள் முட்டாள்கள் என்று திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டுவதற்கு ஆள் தேடினாள், தன்னைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. சின்ன எழுத்தில் இருந்த அந்த ஒரு வரியை அன்றைக்குப் படித்துக் காட்டியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? தன் உயிருக்கு ஆபத்து என்று தொண்டை கிழியச் சொன்னபோது இந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. நர்ஸுக்கு வேலை போகிறது என்றதும் வீட்டையும் வேலையையும் பணயம் வைத்துக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். இவர்களை என்ன செய்வது? கட்டிப்பிடித்து அழுவதா, நாலு அறை விடுவதா?

“ஜீப்புல ஏறுங்க” என்று, கேன்களை ஏற்றிப்போக வந்து நின்ற ஆராய்ச்சி ஜீப்பைக் காட்டினாள்.

குன்னூரில் ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்தில் டாக்டர் வெளியே ஓடிவந்தார். ஐந்தைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் ஏழுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே டயாலிசிஸ் தொடங்கியது. டாக்டர் ராபியா ரகசியக் குறியீட்டை உடைத்துப் பார்த்தார். பேச்சியம்மா வீட்டுக்குப் போன பச்சைக் கோட்டு உப்பில்தான் பொட்டாசியம் இருந்தது. “சனிக்கிழமை நிறுத்தினது நல்லதாப் போச்சு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா” என்று ஆரம்பித்தவர் அதோடு விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உயிர் பிழைத்தது. சிறுநீரகம் பிழைக்கவில்லை, வாரம் இரண்டு தடவை மெஷினில் படுக்க வேண்டும் என்றார்கள். ஒரு ஒழுங்கான கேன் வந்ததால் சென்டரைத் திறந்துவிடவும் இல்லை. செவ்வாய்க்கிழமை கண் விழித்ததும் பேச்சியம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

“உங்கள வெச்சுக்கிட்டாங்களா சிஸ்டர்?”

“வெச்சுக்கிட்டாங்க” என்று ஜெஸிந்தா சொன்னாள். பேச்சியம்மா சமாதானமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்டுக்கு வெளியே நிற்கும்போது நல்லசாமி மேஸ்திரியிடமிருந்து போன்.

“சிஸ்டர், ஒரு விஷயம் கேக்கறேன், மறைக்காம சொல்லோணும். பேச்சியம்மா எங்கீங்க?”

“ஏனுங்கண்ணா, வேலைக்கு வரலையா?”

“அதுதானுங்க தெரியலை” என்றான் நல்லசாமி. “திங்கக்கெழமையிலருந்து ஆளை நான் கண்ணுல பார்க்கலை. ஆனா சாக்கு வருது. தெனம் மூணு எடைக்கும் வருது. யாரு சாக்குடின்னா பேச்சியம்மாதுங்கறாளுக. அவ எங்கடின்னா இப்பத்தான் இங்க நின்னாங்கறாளுக. நானும் எண்ணி எண்ணிப் பார்க்கறேன். முப்பத்தெட்டுச் சாக்கு, முப்பத்தேழு ஆளு. கத்திப் பார்த்துட்டேன், கெஞ்சிப் பார்த்துட்டேன், ஒருத்தி வாயத் தொறக்க மாட்டேங்கறா. உங்க ஜீப்புல போனதா டிரைவர் ஒருத்தன் சொல்றான். நீங்க படிச்சவங்க, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. நான் ஆபீஸுக்கு என்னன்னு எழுதறது?”

பாவம், அவனுக்கு அழுகை வருகிற அளவுக்கு எரிச்சல். அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று ஜெஸிந்தாவைவிட நன்றாகத் தெரிந்தவர் நீலகிரியில் யாரும் இருக்க முடியாது. முப்பத்தேழு பேர் பறித்து முப்பத்தெட்டாவது சாக்கை நிரப்புவதற்குள் விரல் என்ன பாடு படும் என்று நினைத்துப் பார்த்தாள். எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு மாதமா, இரண்டு மாதமா? அதற்குள் தொழிற்சங்கத்தைப் பிடித்து, வீட்டை எடுக்காமல் இருக்க ஏதாவது வழி பார்க்க முடியுமா? ஒன்றும் தெரியவில்லை.

“ஜீப்புல வந்தது எங்க அத்தைங்கண்ணா” என்றாள். “சாக்குல எடை சரியா இருக்குதுங்களா?”

“எடைக்கென்ன, சுத்தமா இருக்குது.”

“அப்ப எழுதிக்குங்க.”

நல்லசாமி பெருமூச்சு விட்டு லைனைத் துண்டித்தான். ஜெஸிந்தா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேச்சியம்மாவுக்கு உப்பில்லாத கஞ்சி வாங்கிவரப் படியிறங்கினாள்.